கருங்கயத்துத் தண்டவாளம்

மே மாத விடுமுறையில் ஹெப்சிபாவுக்கென்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. விடைத்தாள் திருத்தும் வேலை, பயிற்சி வகுப்பு, புதுச் சேர்க்கை என்று மற்ற நாட்களைப் பள்ளிக்கூடம் தின்றுவிட்டது. அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணி வரை தூங்குவது, எழுந்த பிறகும் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று ஏப்ரலிலேயே முடிவு செய்துவைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் எலியேசர் போன் செய்தார்.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வாசல்ல நில்லு. கருங்கயம் அணைக்குப் போறோம்."

என்ன, ஏது, வர முடியுமா என்று ஒரு கேள்வி கிடையாது. வைத்துவிட்டார். அவள் திரும்பக் கூப்பிடுவதற்குள் அண்ணன் மனைவி ரீபா மைனியின் போன் வந்தது.

"ஹெப்சி, நீ போகலன்னா அவுக தனியாப் போயிருவாக. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு எட்டு மாசந்தான் ஆகுது. நான் சொன்னா கேக்கவா செய்யுதாக?"

"நான் சொன்னா மட்டும் அண்ணன் கேட்டுருமா மைனி?"

"கேக்க மாட்டாக. ஆனா கூட ஒரு ஆளு இருக்கும்லா."

எலியேசர் மாவட்ட அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். கோப்புகள் போய்விட்டன, அந்தக் குரல் மட்டும் போகவில்லை. இரண்டு வருஷமாக அவருக்கு வரலாற்றுப் பித்து. பாளையங்கோட்டையில் மாதம் ஒரு முறை கூடும் வரலாற்று வட்டத்தில், ஜனவரிக் கூட்டத்தில் எழுந்து ஒரு செய்தி சொன்னார். அணை கட்டுவதற்கு வெகு முன்னால், மலையில் வெட்டிய மரங்களை நேராகக் கீழே கொண்டுவர ஒரு கம்பெனி கருங்கயத்தில் சின்னத் தண்டவாளம் போட்டு மாடு பூட்டிய வண்டி ஓட்டியது என்பதுதான் செய்தி. பழைய மிஷன் அறிக்கை ஒன்றில் அதைப் பற்றி ஒற்றை வரி இருந்தது. ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் வளன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒரு வரியை வச்சு ரயில் விடலாமா, எலியேசர்? இரும்பு எங்கே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எலியேசருக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் கார் கிளம்பியது. அம்பாசமுத்திரம் தாண்டும் வரை ஹெப்சிபா ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. பேச இடம் கிடைக்கவில்லை என்பதுதான் சரி. அண்ணனுக்கு ஒரு பழக்கம்: கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். "மரத்த எப்படி எறக்கியிருப்பான்னு நெனைக்கே? நேரா மேலேருந்து கீழ. வேற எப்படி எறக்குவான்?" என்றார். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒரு தாளை நீட்டினார். "இந்தா. ஆதாரம்."

ஏதோ ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கிய பழைய வரைபடத்தின் ஜெராக்ஸ். அதில் பாழடைந்த பங்களா ஒன்றைத் தொட்டுக்கொண்டு, மலை உச்சியை நோக்கி ஒரு கறுப்புக் கோடு அளவுகோல் வைத்தது போல நேராக ஏறியது.

ஹெப்சிபா தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். கோடு மலை உச்சியோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி, வரைபடத்தின் சட்டத்தைத் தாண்டி, மேலே அச்சடித்திருந்த தலைப்பின் நடுவில் புகுந்து தாளின் ஓரம் வரை போயிருந்தது.

"அண்ணே, இது மடிப்பு."

"எது?"

"இந்தக் கோடு. பழைய தாளை மடிச்சு வச்சிருக்காங்க. மடிச்ச எடம் ஜெராக்ஸ்ல கறுப்பா விழுந்திருக்கு. தலைப்பு எழுத்து மேலயா தண்டவாளம் போடுவான்?"

"ஒனக்கு மேப்பு பாக்கத் தெரியாது. நீ கணக்கு டீச்சர்."

அவள் தாளை மடித்து வைத்தாள். அதே மடிப்பில் அது பதமாக மடிந்தது. அதையும் காட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டாள்.

வனத்துறைச் சாவடியில் மத்தியானம் இரண்டு மணி வரை அனுமதி கொடுத்தார்கள். கூட வருவதற்குச் சுடலைமணி என்ற காவலரை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். பேசுவதை விடக் காது கொடுப்பது அதிகம். அணைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கண்ணாடிய ஏத்திருங்க அண்ணாச்சி, கொரங்கு கெடக்கு" என்பது.

"அஞ்சு நிமிஷத்துல திரும்பிருவோம், ஒண்ணுஞ் செய்யாது" என்றார் எலியேசர்.

பத்தடி போவதற்குள் ரீபா கட்டிக்கொடுத்த புளிச்சோறும் அவித்த முட்டையும் பையோடு மரத்தில் ஏறிவிட்டன. குரங்கு அங்கிருந்தபடியே முட்டையை உரித்தது. எலியேசர் அதைப் பார்க்காதவர் போல முதுகுப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துப் பங்களாவைத் தேடினார்.

பிறகு இரண்டு மணி நேரம் மடிப்பின் மேல் நடந்தார்கள். வேறு எப்படிச் சொல்வது? இண்டங்கொடியும் சூரைமுள்ளும் அடர்ந்த செங்குத்தான சரிவு. நான்கு இடத்தில் கைகளை ஊன்றி ஏற வேண்டியிருந்தது. ஹெப்சிபாவின் கண்ணெல்லாம் அண்ணனின் முகத்தின் மேலேயே இருந்தது. உதடு வெளுக்கிறதா, நெஞ்சைத் தடவுகிறாரா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்டால், "என்னைய விடு, நீ மூச்சு வாங்குதியே" என்றார்.

ஒரு பாறையில் உட்கார்ந்தபோது அவள் பொறுமையைத் திரட்டிக்கொண்டு சொன்னாள். "அண்ணே, ஒரே ஒரு நிமிஷம் குறுக்க பேசாமக் கேளு. இந்தச் சரிவு மூணுக்கு ஒண்ணு. மூணடி போனா ஒரடி எறங்குது. இதுல மரம் ஏத்தின வண்டிய விட்டா எந்த மாடும் பிடிச்சு நிறுத்தாது. தண்டவாளம்னா கிட்டத்தட்ட மட்டமாத்தான் போட முடியும். ஒன் அறிக்கையில என்ன எழுதியிருக்கு? 'இரும்புப் பாதையில் வண்டிகள் கருங்கயத்தைச் சுற்றி வந்தன.' சுற்றி. அப்போ அந்தப் பழைய மடு, கயத்தோட கரைய ஒட்டி, ஒரே உயரத்துல, வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கும். அது இப்ப அணைத் தண்ணிக்குள்ள இருக்கும். தண்ணி வத்தியிருக்கு. கீழ போய்ப் பாப்போம்."

எலியேசர் ஒரு நிமிஷம் முழுதாகக் கேட்டார். பிறகு, "டீச்சர் சொல்லுத மாதிரியே சொல்லுதியே" என்று சொல்லிவிட்டு இன்னும் ஐம்பதடி மேலே ஏறினார். அங்கே ஒரு புற்று இருந்தது. அதற்கு மேல் பாறை.

கீழே இறங்கியபோது மணி பன்னிரண்டு. நீர்த்தேக்கம் பாதிக்கு மேல் வற்றி, நடுவில் ஓர் ஓடையாகச் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் வெடித்த வண்டல், சாம்பல் நிறத்தில் சட்டிச் சில்லு சில்லாக. சுடலைமணி கரையிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"வெடிச்சுக் கெடக்குன்னு நம்பி எறங்கிராதீங்க. மேலதான் காஞ்சிருக்கு, அடியில சதசதன்னு கெடக்கு. போன வருஷம் ஒரு எருமை மாட்டிக்கிட்டு. கால ஒதைக்க ஒதைக்கப் பொதையும். பக்கவாட்டுல சாச்சு, அடியில பலகையக் குடுத்துத்தான் எடுத்தோம்." அப்புறம் மேட்டுப் பக்கம் திரும்பி மோந்து பார்த்தார். "ஆனை போன மாதிரி இருக்கு. நான் மேல போய் ஒரு பார்வை பாத்துட்டு வாரேன். இங்கன நிழல்லயே இருங்க. சத்தம் போட்டுராதீங்க."

அவர் தலை மறைந்து ஐந்து நிமிஷம் இருக்கும். ஹெப்சிபா செருப்பைக் கழற்றி உள்ளங்காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அண்ணன் பக்கத்தில் இல்லை. கரையிலிருந்து முப்பது முப்பத்தைந்து அடி தள்ளி, வண்டலின் மேல் கையை வீசிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு துருப்பிடித்த இரும்பு குத்துக்கல் போல நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே! திரும்பு!"

"இரும்பு, ஹெப்சி! வளன் கேட்டான்லா, இரும்பு!"

அடுத்த எட்டில் இடது கால் முழங்கால் வரை போனது. அதை எடுக்க வலது காலை ஊன்றினார். அது தொடை வரை போனது. இரண்டு உதை உதைத்தார். இடுப்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது சகதி. அவர் எட்டிப் பிடித்த இரும்பு லேசாக ஆடிக் கையோடு வந்தது. பழைய பம்புசெட்டுக் குழாய், இரண்டு முழ நீளம்.

ஹெப்சிபாவுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, ஆத்திரம். ஐந்து நிமிஷம். ஐந்தே நிமிஷம் ஓர் இடத்தில் நிற்க முடியாத மனிதனை யார் அறுபது வயதைத் தாண்ட விட்டது? பயம் அதன் பின்னாலேயே வந்தது.

"ஏட்டி, அந்தா அந்த மரத்துக் கொம்ப ஒடி. ஒடிச்சு இங்கன எறி. இல்ல, மொதல்ல அவனக் கூப்பிடு. கூப்பிடாத, ஆனை வந்துரும். நீ ஒண்ணு செய்யி..."

"வாய மூடு!" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அண்ணனிடம் அப்படிச் சொன்னதில்லை. "கால ஆட்டாத. முதுகுல இருக்க பையை அப்படியே வச்சு மல்லாக்கச் சாஞ்சு படு. கைய ரெண்டு பக்கமும் விரி. படு அண்ணே!"

எலியேசர் படுத்தார். முதல் தடவையிலேயே, ஒரு கேள்வி கேட்காமல் படுத்தார். வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஹெப்சி" என்றார். "செத்துருவேனா?"

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. அலுவலகக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"நெஞ்சு வலிக்கா?"

"இல்ல. கால்தான் சில்லுன்னு இருக்கு."

"அப்போ சாக மாட்டே. பேசாமக் கெட."

போனில் சிக்னல் இல்லை. விசில் அடித்துப் பார்த்தாள், பதில் இல்லை. கொம்புகள் எல்லாம் சுள்ளி. பலகை போல ஏதாவது கிடைக்குமா என்று கரையோரமாக ஓடினாள். நூறடி தள்ளி, கரை ஒரு மூக்குப் போல வளைந்த இடத்தில் கால் எதிலோ இடறிக் குப்புற விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது. ஆத்திரத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து விரல் தடிமனில் ஓர் இரும்பு விளிம்பு தெரிந்தது. கையால் மண்ணைத் தள்ளினாள். விளிம்பு நீண்டது. இரண்டு முழம் தள்ளி அதற்கு இணையாக இன்னொன்று. இடையில் கறுத்துப்போன கட்டைகள், ஒரே சீராக, ஒன்றன் பின் ஒன்றாக. அந்த மூக்கிலிருந்து வண்டலுக்குள் இறங்காமல், மட்டமாக, உடைத்த கல் போட்டு உயர்த்திய ஒரு வரப்பு வளைந்து போயிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டலின் ஒரு மடிப்பு என்றே தோன்றும். அவள் சொன்ன உயரத்தில், சொன்ன வளைவில், கயத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

அதை ரசிக்க நேரமில்லை. கட்டைகளில் தளர்ந்த ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அடுத்தது வந்தது, உள்ளே பாதி உளுத்துப்போயிருந்ததால் அவளால் இழுக்க முடிந்தது. வரப்பின் மேல் இழுத்துக்கொண்டே போனாள். காலடியில் கல் கெட்டியாக இருந்தது; ஒரு விரல்கூட அமிழவில்லை. வளைவு அவளை அண்ணனிடமே கொண்டுபோனது. வரப்புக்கும் அவருக்கும் இடையே எட்டடிதான் சகதி. அவர் கரையிலிருந்து நேராக நடந்தார். அந்த மூக்கிலிருந்து வரப்பின் மேல் வந்திருந்தால் செருப்புகூட நனைந்திருக்காது.

கட்டையைச் சகதியின் மேல் தள்ளினாள். துப்பட்டாவின் ஒரு முனையை எறிந்தாள். மூன்றாவது தடவை அவர் பிடித்தார்.

"பைய. ஒரு கால மட்டும் லேசா சுத்து. மாவு பிசையுத மாதிரி. இழுக்காத, சுத்து. ஆங்... இப்ப கட்டை மேல கைய வையி."

இடது கால் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. வலது காலின் போது சுடலைமணி வந்து சேர்ந்தார். மனிதர் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து எலியேசரின் கக்கத்தில் கட்டினார். இருவரும் சேர்ந்து இழுத்ததில் அவர் மீன் போல வழுக்கி வரப்பின் மேல் வந்து விழுந்தார். இரண்டு செருப்பும் போனும் உள்ளேயே தங்கிவிட்டன.

அவர் குப்புறப் படுத்து மூச்சு வாங்கினார். ஹெப்சிபா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். வேகமாக ஆனாலும் ஒழுங்காக அடித்தது. அவளுக்குக் கண் கலங்கிக்கொண்டு வந்தது. அப்போது அவர் கை தரையைத் தடவியது. இரும்பில் பட்டு நின்றது. தலையைத் தூக்கி வலமும் இடமும் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேம்லா," என்றார் எலியேசர், "இங்கன தண்டவாளம் இருக்குன்னு."

அவரைத் திரும்ப உள்ளே தள்ளிவிடலாமா என்று ஹெப்சிபா ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள்.

சுடலைமணிதான் பேசினார். "அண்ணாச்சி, நான் பதினாலு வருசமா இங்கன நடக்கேன். எனக்கே தெரியாது. டீச்சர் கண்டுபிடிக்கலன்னா ஒங்களத் தூக்கக் கிரேன்தான் வரணும்." அண்ணனுடைய போனுக்கு வழிகாட்டத் தெரியவில்லை என்று காலையெல்லாம் அவளுடைய போனைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் மிச்சமிருந்த சார்ஜில் இரண்டு படம் எடுக்க முடிந்தது. இரண்டாவதில் தண்டவாளத்தின் பாதியை அவருடைய சேற்றுக் கால் மறைத்தது.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு ஹெப்சிபா போயிருக்கவே மாட்டாள். ரீபா வற்புறுத்தி அழைத்துப்போனாள். எலியேசர் மேடையேறி, படத்தைத் திரையில் காட்டி, "நான் மேற்கொண்ட கள ஆய்வில்" என்று தொடங்கினார். சகதியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கைதட்டல் அடங்கியதும் வளன் எழுந்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"நல்ல வேலை, எலியேசர். ஒத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு. போன தடவை பாதை மலையிலிருந்து நேரா இறங்குச்சுன்னு சொன்னீர். இப்ப கரையைச் சுத்தி மட்டமா போகுதுங்கீர். அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்?"

எலியேசர் தொண்டையைச் செருமினார். காகிதத்தைப் புரட்டினார். "அது வந்து, சரிவு... மூணுக்கு... அதாவது மாடு..." என்றார். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தார். வண்டலில் மல்லாந்து கிடந்தபோது பார்த்த அதே பார்வை.

"என் தங்கச்சி சொல்லும்" என்றார். "அவதான் கணக்குப் போட்டா. அவதான் கண்டுபிடிச்சா."

எந்த முன்னறிவிப்பும் இல்லை. ஒரு குறிப்பு கையில் இல்லை. சட்னிக் கறை பட்ட சேலையோடு வந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள். கரும்பலகையில் ஒரு மலை, ஒரு கயம், ஒரு கோடு வரைந்து இருபது நிமிஷம் பேசினாள். எலியேசர் மூன்று முறை குறுக்கே பேசினார். இரண்டு முறை தப்பாக. ஆனால் மேடையை விட்டு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்துதான் பேசினார்.

"அந்தப் பாதை அக்கரையில எங்க போய் முடியுது டீச்சர்?" என்று கேட்டார் வளன்.

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது அவளை வதைத்தது. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் மேற்பார்வைக்கு நின்றபோது தாளின் பின்பக்கம் சம உயரக் கோடுகளை வரைந்து பார்த்தாள். மரத்தை ஏற்ற ஒரு மேடை வேண்டும், மாட்டைக் கட்ட இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். அக்கரையில் அப்படி ஓரிடம்தான் இருக்க முடியும். மறு வருஷம் ஏப்ரலில் அணையின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும், அண்ணனிடம் மூச்சு விடாமல், அரை நாள் விடுப்புப் போட்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். தனியாக, ஒரே ஒரு ஆளுக்கு, அமைதியாக ஒரு நாள் அனுமதி.

"கருங்கயமா?" என்றார் குமாஸ்தா. "அதுக்கு ஒரு மனு போன வாரமே வந்திருக்கே மேடம். எலியேசர்னு ஒருத்தர் போட்டிருக்கார். ரெண்டு பேரு. குழுத் தலைவர், ஹெப்சிபா. ஒங்க பேருதானே? உதவியாளர், எலியேசர்."

அவள் மனுவை வாங்கிப் பார்த்தாள். அண்ணனின் முத்து முத்தான அலுவலகக் கையெழுத்து. அவளைக் கேட்காமலே தேதி குறித்திருந்தார். அது அவளுக்குத் தேர்வுப் பணி உள்ள நாள்.

"ஒரே ஒரு சிக்கல் மேடம். குழுத் தலைவருக்கு வயசு அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அறுபது தாண்டினா டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும்."

ஹெப்சிபாவுக்கு ஐம்பத்தாறு. கீழே பார்த்தாள். உதவியாளர் வயது ஐம்பத்தெட்டு என்று இருந்தது. அவருக்கு அறுபத்துநான்கு.

"பேனா குடுங்க" என்றாள். தேதியை அடித்தாள். தன் வயதை அடித்துத் திருத்தினாள். அண்ணன் வயதையும் அடித்துத் திருத்தினாள். மூன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் பெயரின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது; அதை அடிக்கவில்லை.

"அப்போ அவருக்குத்தான் சர்ட்டிபிகேட் வேணும் மேடம். இதய டாக்டர்கிட்ட வாங்கினா நல்லது."

"வாங்கிட்டு வரச் சொல்லுதேன்" என்றாள் ஹெப்சிபா. அண்ணனை எப்படி டாக்டர் முன்னால் வாய் திறக்காமல் உட்கார வைப்பது என்று யோசித்தபடி, மைனிக்குப் போன் செய்துகொண்டே பஸ் ஏறப் போனாள்.